வேலூர் வெயிலும் அழகுப் பனைகளுக்கு வேண்டிய நிழலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வந்த வீட்டுத் தோட்டப் பக்கத்தில், அரிய அழகுப் பனைகளைத் தொட்டியில் வளர்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள் தரப்பட்டிருந்தன. பனை இனம் எல்லாமே வெயிலைத் தாங்கும் என்பது அவற்றுள் ஒன்று. நிழல் விரும்பும் செடிகளை வீட்டின் வடபுறத்தில் வைத்துவிட்டால் ஆண்டு முழுவதும் கவலையில்லை என்பது மற்றொன்று. முதல் குறிப்பு எந்த ஊருக்கும் பொருந்தாது. இரண்டாவது டெல்லியில் இருப்பவருக்கு ஓரளவு பொருந்தலாம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணி, செய்யாறு என்று பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் எங்கே இருப்பவருக்கும் அது பொருந்தாது. பொருந்தாததோடு, ஆண்டிலேயே கொடிய வெயில் அடிக்கும் நாட்களில் செடியைக் கொண்டுபோய் அந்த வெயிலிலேயே நிறுத்திவிடும். நானே அப்படி ஒரு செடியைக் கருக்கியிருக்கிறேன் என்பதால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நான் காட்பாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. பள்ளியிலிருந்து வெளியே வந்த பிறகு, பணி நாட்களில் நேரமில்லாமல் தள்ளிப்போட்டிருந்த ஆசையாகப் பனைகளைச் சேர்க்கத் தொடங்கினேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில், இங்குள்ள ஒரு நர்சரியிலிருந்து லிக்குவாலா கிராண்டிஸ் என்னும் பனையை வாங்கி வந்தேன். பசிபிக் பெருங்கடலில் உள்ள வனுவாட்டு, சாலமன் தீவுகளின் மழைக்காடுகள் இதன் தாயகம். முறம் அளவுக்கு விரியும் வட்டமான ஓலை, நம் பனையோலையைப் போலக் கிழிந்து பிரியாமல் முழுதாக, சேலைக்குக் கொசுவம் வைத்தாற்போல் மடிப்பு மடிப்பாக இருக்கும். எங்கே வைப்பது என்று கேட்டதற்கு, நர்சரியில் இருந்தவர், "டீச்சர், இதுவும் பனைதானே, வெயில்ல வச்சா ஒண்ணும் ஆகாது" என்றார். எனக்கு அவ்வளவு துணிச்சல் வரவில்லை. புத்தகங்களில் படித்திருந்தபடி வடபுறச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளித் தொட்டியை வைத்தேன். அந்தப் பக்கம் தையிலும் மாசியிலும் நாள் முழுதும் குளிர்ந்த நிழல் கிடந்தது. செடியும் தெளிவாக இருந்தது.

சித்திரை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். ஒரு நண்பகலில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது இரண்டு ஓலைகளின் மேல்மடிப்புகள் மட்டும் வெளுத்திருந்தன. சுண்ணாம்புக் கையால் தடவியதுபோல, மடிப்பின் முகடுகளில் வெள்ளைக் கோடுகள். மடிப்பின் பள்ளங்களில் பச்சை அப்படியே இருந்தது. நான்கு நாட்களில் அந்த வெள்ளை, வைக்கோல் நிறமாகிக் காய்ந்து சருகுபோல் நொறுங்கியது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பாக இருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நானும் நம்பி, பிடித்து வைத்திருந்த மழைநீரை இருமடங்காக ஊற்றினேன். வெயிலில் வெந்த செடிக்கு வேரிலும் ஈரம் தேங்கியது. வைகாசி முடிவதற்குள் ஐந்து ஓலைகளில் நான்கு போய்விட்டன.

இரவில் பாடப்புத்தகத்தைப் புரட்டியா இதைக் கண்டுபிடிக்க வேண்டும்! முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடமே அது. வேலூர் ஏறத்தாழ 12.9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் ஏப்ரல் 24ஆம் நாளை ஒட்டி, அதாவது சித்திரை 11 அளவில், நம் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே கடந்து போகிறது. ஆகஸ்டு 18ஆம் நாளை ஒட்டி, ஆவணி பிறக்கும் வேளையில், மீண்டும் நேர் மேலே வந்து தெற்கே திரும்புகிறது. இடைப்பட்ட ஏறத்தாழ 116 நாட்கள் சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கிறது. நண்பகலில் மட்டும் அன்று. அந்த நாட்களில் அது வடகிழக்கே எழுந்து, வடக்குப் பக்கமாகவே நகர்ந்து, வடமேற்கே விழுகிறது. ஆகவே காலை முதல் மாலை வரை வெயில் படுவது வடபுறச் சுவரில்தான். தென்புறச் சுவரில் நேர் வெயில் படவே படாது. அக்கினி நட்சத்திரம் முழுதும் இந்தக் காலத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பதைச் சொன்னால் மீதியை வாசகர்களே உணர்ந்துகொள்வார்கள்.

அடுத்த ஆண்டு முழுதும் அந்தச் சுவரின் நண்பகல் நிழலைச் சாக்பீஸால் தரையில் குறித்து வந்தேன். சுவரின் உயரம் பத்தடி. அந்தப் பக்கம் சன்ஷேடு கிடையாது. மார்கழி முதல் வாரத்தில் நிழல் வடக்கே ஏழடிக்கும் சற்று மேல் நீண்டது. பங்குனி முதல் வாரத்தில் இரண்டே கால் அடியாகச் சுருங்கியது. சித்திரை இரண்டாம் வாரத்தில் சுவரடியில் நிழலே இல்லை. ஆனி முதல் வாரத்தில் நிழல் வீட்டின் மறுபக்கம் போய், தெற்கே இரண்டடிக்குச் சற்றுக் குறைவாக விழுந்தது. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில், நிழலைக் கொண்டு பொழுது பார்க்கும் கல் ஒன்று இருக்கிறது. அந்தத் தலத்தின் தலமரமும் பனையே. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, நிழல் நாளுக்கு நாள் எப்படி நகர்கிறது என்று காட்டியிருக்கிறேன். சொந்த வீட்டுச் சுவரில் அதைப் பார்க்கத் தவறினேன் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

வடபுறம் எப்போதும் நிழல் என்ற கருத்து நமக்கு வந்த வழி எளிது. தோட்டக்கலை நூல்களில் பெரும்பாலானவை கடக ரேகைக்கு வடக்கே வாழ்பவர்கள் எழுதியவை. குஜராத், மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் வழியாக ஓடும் அந்த ரேகைக்கு அப்பால் நண்பகல் சூரியன் ஒருநாளும் வடக்கே வராது. ஆகையால் அவர்கள் எழுதியதில் பிழையில்லை. அதை அப்படியே நம் ஊருக்கு மொழிபெயர்த்துத் தருவதுதான் பிழை. இங்கே நிழல் தேவைப்படும் காலத்தில் வடபுறச் சுவர் நிழல் தராது. தலைக்கு மேலே மறைப்பு வேண்டும். நம் முன்னோர் பந்தல் போட்ட காரணமும் அதுதான்.

இனி முதல் குறிப்புக்கு வருகிறேன். பனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,600 இனங்கள் இருக்கின்றன. கரம்பில் தனியே நின்று வெயிலைக் குடிக்கும் நம் பனைமரத்தை வைத்து அத்தனை இனங்களையும் எடைபோட முடியாது. அழகுக்காக வளர்க்கப்படும் அரிய பனைகளில் கணிசமானவை, பெருமரங்களின் கீழே, காட்டின் அடித்தளத்தில் வாழ்நாள் முழுவதும் இருப்பவை. மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோக் காடுகளில் வளரும் ஜொஹான்னஸ்டைஸ்மானியா அப்படிப்பட்டது. தண்டே தெரியாமல் தரையிலிருந்து ஆளுயரத்துக்கும் மேல் எழும் அதன் அகன்ற ஓலையில், ஓர் இனத்துக்கு அடிப்புறம் வெள்ளி நிறமாக இருக்கும். தாய்லாந்தின் கெர்ரியோடாக்சா, மெக்சிகோ, குவாட்டமாலா காடுகளின் சமடோரியா, தென்சீனத்தின் ராபிஸ் ஆகியவையும் நிழல்வாசிகளே. மழைக்காட்டின் தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் மேலே அடிக்கும் வெயிலில் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். வேலூரில் தெளிந்த வானத்தில் நண்பகல் வெயில், வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில், ஒரு லட்சம் அளவுக்கு இருக்கும். 50 சதவீத நிழல்வலை கட்டினாலும் ஐம்பதாயிரம் லக்ஸ் மீந்து நிற்கிறது. ஆயிரம், இரண்டாயிரம் லக்ஸில் பிறந்து வளரும் செடிக்கு அந்த அரை நிழலே கொளுத்தும் வெயில்தான். அதே வேளையில், நம் வீட்டுக் கூடத்து மூலையில் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸைத் தாண்டாது என்பதையும் சொல்ல வேண்டும். நமக்கு வெளிச்சமாகத் தெரியும் அந்த மூலை, காட்டின் அடித்தளத்தைவிட இருட்டு. நிழல் விரும்பும் பனை என்று வாங்கி அலமாரியின் பக்கத்தில் வைத்தவர்கள் ஆறு மாதத்தில் அது இளைத்துப்போனதைக் கண்டு வியப்பது இதனால்தான். இப்போது கைப்பேசியிலேயே வெளிச்சத்தை அளக்கும் செயலிகள் வந்துவிட்டன. துல்லியம் முன்பின் இருந்தாலும், எந்த மூலை எத்தனை மடங்கு இருட்டு என்பதை அவை காட்டிவிடும்.

நிழலில் விரிந்த ஓலை, கிடைக்கும் சிறு வெளிச்சத்தையும் விடாமல் பிடிப்பதற்காக மெல்லியதாகவும் பச்சையம் செறிந்தும் அமைகிறது. அதைத் திடீரென்று வெயிலில் வைத்தால், தாங்க முடியாத ஒளியில் பச்சையமே சிதைந்து ஓலை வெளுக்கிறது. வெளுத்த ஓலை மறுபடி பச்சையாவதில்லை. மற்றச் செடிகள் பத்துக் கிளை விட்டு இழப்பை ஈடுகட்டும்; ஒற்றைத் தண்டுப் பனைக்கு இருப்பது ஒரே குருத்து. அரிய பனைகள் பலவும் ஓராண்டில் சில ஓலைகளுக்குமேல் விடுவதில்லை. ஆகையால் நான்கு நாள் வெயிலில் போனதை மீட்க இரண்டு ஆண்டுகள் ஆகலாம். குருத்தும் வெந்துவிட்டால் செடி முடிந்தது.

ஓலை கெட்டதும் எல்லாரும் தண்ணீரையோ உரத்தையோ நினைக்கிறோம். வெயிற்காயத்தைப் பிரித்தறிவது கடினமில்லை. வெயில் சுட்டால் சூரியனைப் பார்த்த பகுதி மட்டும், பெரும்பாலும் ஓலையின் நடுப்பரப்பில், வெளுத்துக் காயும். அந்த ஓலைமேல் மற்றோர் ஓலையின் நிழல் விழுந்திருந்தால் நிழலின் வடிவம் அப்படியே பச்சையாக மிஞ்சியிருக்கும். உப்புநீரும் வறண்ட காற்றும் நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் பழுப்பாக ஏறி வரும். சாம்பல்சத்துக் குறைவு முதிர்ந்த அடியோலைகளில் மஞ்சள் புள்ளிகளாகத் தொடங்கும். நம் பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்புக் கரிப்பதால் எல்லாப் பழியும் அதன்மேல் விழுகிறது. எந்தப் பகுதி காய்ந்திருக்கிறது என்று ஒருமுறை நின்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் நம்மிடம் உண்டு. மடகாஸ்கரின் வெட்டவெளிகளில் வளரும் பிஸ்மார்க்கியா பனையின் ஓலையில் வெள்ளி பூசினாற்போன்ற மெழுகுப் படலம் இருப்பது, அடிக்கும் வெயிலைத் திருப்பியனுப்பத்தான். முழு வெயில் பட்டால்தான் அந்த வெள்ளி நிறம் பொலியும். இங்கே ஒரு திருமண மண்டபத்தின் முகப்பில், கான்கிரீட் கூரைக்கு அடியில், இரண்டு பிஸ்மார்க்கியாக்களைத் தொட்டியில் வைத்திருக்கிறார்கள். உறவினர் வீட்டுத் திருமணங்களுக்குப் போகும்போதெல்லாம் அவற்றைப் பார்த்து வருகிறேன். மட்டைகள் வெளிச்சத்தைத் தேடி வாசல் பக்கமாக நீண்டு வளைந்துவிட்டன. வெள்ளி நிறம் மங்கி வெறும் பச்சையாகிவிட்டது. தெற்கு மடகாஸ்கரின் வறண்ட காடுகளிலிருந்து வந்த முக்கோணப் பனை, ஆஸ்திரேலியாவின் கேப் மெல்வில் பாறைக் குன்றுகளுக்கே உரிய நரிவால் பனை, மொரிஷியசுக்கு அருகிலுள்ள ரவுண்டு தீவின் பாட்டில் பனை ஆகியவையும் வெயிலுக்குப் பிறந்தவை. பாறை சூடேறும் வேலூர் வெயில் இவற்றுக்கு ஒத்துக்கொள்கிறது. மண்டபமோ பள்ளியோ தெருமுனைப் பூங்காவோ, திறந்த வெளியில் பனை வைக்க விரும்புவோர் இவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரே பனைக்கே வயதுக்குத் தக்கவாறு தேவை மாறுவதும் உண்டு. வெயிலில் முதிரும் பல இனங்கள், கன்றாக இருக்கும்போது தாய்மரத்தின் நிழலில்தான் இருந்திருக்கும். சேஷெல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காய்ப் பனை, காட்டின் நிழலில் நெடுங்காலம் பேரோலைகளை விட்டுக்கொண்டே இருந்து, அதன் பிறகே மேலே எழும்புகிறது. நம் எல்லாருக்கும் தெரிந்த சிவப்புத் தண்டுப் பனை, மலேசியச் சதுப்புக் காடுகளில் வேர் நீரில் நிற்க, தலை வெயிலில் நிற்கும். இங்கே அந்த நீர் இல்லாமல் அந்த வெயிலை மட்டும் கொடுக்கிறோம். ஆகவே ஒரு செடியை வாங்கும்போது அதன் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், அது எங்கே பிறந்தது, என்ன வயது, இதுவரை எந்த வெளிச்சத்தில் இருந்தது என்ற மூன்றையும் கேட்டாக வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் எல்லாரும் விடுவது. நம் நர்சரிகளுக்கு வரும் அழகுச் செடிகளில் பல, ஆந்திரத்தின் கடியத்திலிருந்தும் திருச்சூர் அருகே மண்ணுத்தியிலிருந்தும் வருபவை. அங்கே வலைக்கூடத்தில் ஈரக் காற்றில் வளர்ந்த செடி, லாரியில் ஓர் இரவு பயணம் செய்து, மறுநாள் நம் நெடுஞ்சாலை ஓரத்தில் வெட்டவெளியில் இறக்கி வைக்கப்படுகிறது. வெளிச்சமும் காற்றும் இணைந்தே வேலை செய்கின்றன. கேரளக் கரையில் அரை வெயிலைத் தாங்கும் ராபிஸ், இங்கே வைகாசியில் வறண்ட மேல்காற்று வீசும்போது அதே அரை வெயிலில் மஞ்சளாகிறது. ஆகையால் கேரளத்து நூலில் அரை நிழல் என்று எழுதியிருந்தால் வேலூருக்கு முக்கால் நிழல் என்று படித்துக்கொள்வதே நல்லது. ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ இருப்பவர்கள் அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை.

நிழலைக் காலத்துக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் கலை நமக்குப் புதியதன்று. வெற்றிலைக் கொடிக்கால் போடுபவர்கள், கொடி படரவும் நிழல் தரவும் முதலில் அகத்தியை வளர்க்கிறார்கள். வெயில் காலத்தில் அகத்தியை அடர்ந்து நிற்க விட்டு, மழைக்காலத்தில் கழித்து வெளிச்சம் விடுகிறார்கள். அந்தக் கொடிக்காலுக்குள் நடந்து பார்த்தவருக்கு, நிழல் என்பது வெறும் இருட்டு அன்று, அசையும் ஒளிப் பொட்டுகள் கலந்த ஈரமான வெளி என்று புரியும். லிக்குவாலாவுக்கும் சமடோரியாவுக்கும் வேண்டியது ஏறக்குறைய அதுதான். என் தோட்டத்தில் இதற்கு மாமரம் நன்றாக உதவுகிறது. வேம்பையும் புங்கையும் நம்பியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டும் மாசி பங்குனியில் இலை உதிர்த்து மறுபடி துளிர்க்கும். வெயில் ஏறத் தொடங்கும் அந்தச் சில வாரங்களில் கீழே உள்ள செடிகள் திறந்த வெளியில் நிற்கும். அப்போது மட்டும் ஒரு தென்னங்கீற்றை மேலே சார்த்தினால் போதும்.

மரம் இல்லாதவர்களுக்கு நிழல்வலை. அதை எட்டடிக்குக் குறையாத உயரத்தில் கட்ட வேண்டும். தலையில் இடிக்கும் உயரத்தில் கட்டினால் சூடு அடியிலேயே தங்கிவிடும். பக்கவாட்டில் தொங்கவிடுவதைவிட மேலே விரிப்பது முக்கியம். மேற்குப் பக்கம் மட்டும் இடுப்பளவுக்கு இறக்கிவிட்டால் பிற்பகல் காற்றுக்கும் மறைப்பாகும். நான் நிழல்வாசிகளுக்கு 75 சதவீத வலையும், பங்குனிக் கடைசி முதல் ஆடிப் பாதி வரை அதன்மேல் ஒரு வரிசை கீற்றும் போடுகிறேன். மொட்டைமாடியில் வைப்பவர்கள் தொட்டியைத் தளத்தின்மேல் நேரே வைக்காமல் செங்கல்லின்மேல் ஏற்றி வைக்க வேண்டும்; மேலே எவ்வளவு நிழல் இருந்தாலும் தளத்தின் சூடு வேரை வேகவைக்கும்.

நிழலில் இருந்த செடியை வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டியிருந்தால், ஆவணி முதல் கார்த்திகை வரையான ஈர நாட்களில் செய்வதே முறை. அப்போதும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. முதலில் காலை ஒன்பது மணிக்குள் வரும் வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, அங்கே ஒரு புதுக் குருத்து விரியும்வரை காத்திருந்து, அதன் பிறகே அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். பழைய ஓலை புது வெளிச்சத்துக்குப் பழகுவது மிகக் குறைவு. அங்கேயே விரியும் புது ஓலைதான் அந்த வெளிச்சத்துக்கு ஏற்றதாக அமைகிறது. பங்குனி முதல் ஆனி வரை எந்தப் பனையையும் இடம் மாற்றாமல் இருப்பது நலம். நிழலில் இருக்கும் தொட்டிக்கு நீரும் குறைவாகவே போதும். வெயிலில் உள்ள தொட்டிக்கு ஊற்றும் அதே அளவை ஊற்றினால் வேர் அழுகும்.

இவ்வளவு நுணுக்கம் ஓர் அழகுச் செடிக்குத் தேவையா என்று சிலர் கேட்கக்கூடும். இவற்றுள் பல இனங்கள் தாயகத்தில் அழிவின் விளிம்பில் இருக்கின்றன. பாட்டில் பனை உலகெங்கும் தொட்டிகளில் இருக்கிறது. ரவுண்டு தீவில், இயற்கையாக வளர்ந்த மரங்கள் மிகச் சிலவாகக் குறைந்தன. அதன் உறவான மற்றோர் இனத்தில், மொரிஷியசின் கியூர்பிப் தாவரவியல் தோட்டத்தில் நிற்கும் ஒரே மரம்தான் உலகில் அறியப்பட்ட கடைசி மரம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்துப் பாறைகளில், யானைக்கு எட்டாத இடங்களில் தப்பி வளரும் வரைக்கமுகு என்னும் பனையும் அருகி வருவதே. அதைக் காட்டிலிருந்து எடுத்து வந்து இந்தச் சமவெளி வெயிலில் வளர்க்க யாரும் முயல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மலைமுகட்டின் குளிர்ச்சியும் மூடுபனியும் இங்கே எந்த வலைக்கு அடியிலும் கிடைக்காது. விதையிலிருந்து முளைத்து, விற்பனைக்கு வரும் அளவுக்கு ஒரு நிழற்பனை வளரப் பல ஆண்டுகள் ஆகின்றன. அப்படி ஒன்றை விலை கொடுத்து வாங்கி, சரியான இடம் தெரியாமல் ஒரு கோடையில் இழப்பது எனக்குப் பணத்தைவிடப் பெரிய இழப்பாகவே படுகிறது.

ஆகவே எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. ஒன்று நர்சரி நடத்துபவர்களுக்கு. விலைச்சீட்டு தொங்கும் அதே கம்பியில், செடியின் பெயர், தாயகம், இதுவரை அது எத்தனை சதவீத வலைக்கு அடியில் இருந்தது என்ற மூன்று செய்திகளையும் தமிழில் எழுதித் தொங்கவிடுங்கள். இறக்கியவுடன் சாலையோர வெயிலில் வரிசையாக நிறுத்தாமல், நிழல்வாசிகளை முதலில் வலைக்குள் கொண்டுபோங்கள். மற்றொன்று தங்களுக்கு. தோட்டப் பக்கத்தில் செடிகளைப் பற்றி எழுதும்போது, திசையைச் சொல்வதோடு நம் அட்சத்துக்கு எந்த மாதத்தில் வெயில் எந்தப் பக்கம் வரும் என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும். சென்னை முதல் கன்னியாகுமரி வரை தேதிகள் சற்று மாறினாலும், தமிழகம் முழுவதற்கும் இது பொருந்தும்.

கருகிய என் லிக்குவாலா பிழைத்துக்கொண்டது. மிஞ்சிய ஓர் ஓலையோடு மாமரத்தின் கிழக்கே இடம் மாற்றினேன். அது மறு ஆண்டு ஆவணியில்தான் முதல் குருத்தை விரித்தது. இப்போது ஆறு ஓலைகளோடு நிற்கிறது. வெளுத்த பழைய ஓலையை நான் வெட்டவில்லை. பார்க்க வருபவர்களுக்குக் காட்டுவதற்காக விட்டு வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை ஆகஸ்டு 18ஆம் நாளுக்கு முன்பாக வெளியிட்டால் நன்றியுடையவளாவேன். அன்று வானம் தெளிவாக இருந்தால், வாசகர்கள் 12 மணி 17 நிமிடம் அளவில் முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டு, அதன் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு, தொட்டிகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.